எடை குறைவு யார் குற்றம்?

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தன. எடை குறைவாகப் பிறந்தவை என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. அதோடு பேச்சு முடிந்தது. நாங்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். எடை ஏன் குறைந்தது?

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு. மருத்துவமனைத் தராசு அதைக் காட்டத்தான் செய்கிறது. கர்ப்ப காலம் முழுக்கத் தாயின் தட்டில் என்ன விழுந்தது, நிறைமாதம் வரை அவள் எத்தனை கூடை சுமந்தாள் என்பதிலேயே பாதிக்கணக்கு முடிந்துவிடுகிறது.

பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகத் தக்காளி வெளியூர் போகிறது. அதைப் பறிக்கும் கர்ப்பிணியின் வீட்டில் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். காலனிப் பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட் கிடைக்கும், கீரை கிடைக்காது. வாரச்சந்தைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. 2023 மே முதல் நம் மாவட்ட ரேஷனில் 2 கிலோ ராகி தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது 2 கிலோ அரிசிக்குப் பதிலாக. முட்டையும் பயறும் எங்கே?

விழிப்புணர்வு இல்லையாம், முகாம் நடத்துகிறார்கள். முருங்கைக்கீரை நல்லது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியாதா? மரம் வைக்க நிலம் எங்கே?

இறந்தவை எல்லாம் தலித் குழந்தைகள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சத்துமாவு தரும் அங்கன்வாடி ஊருக்குள் இருக்க, சேரிப்பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியே போக வேண்டியிருப்பது சாதி இல்லாமல் வேறென்ன? 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி எரிக்கப்பட்ட மாவட்டம் இது. அந்தத் தெருவின் தூரத்தை மீட்டரில் அளக்க முடியாது.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004லேயே, தலித், பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவு: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையா? மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் காலனியில் குழந்தைகளை எண்ணுங்கள். கர்ப்பிணிகளின் வாசலிலிருந்து அங்கன்வாடிக்கு நடந்து பாருங்கள். அடுத்த கிராமசபையில் அந்தக் கணக்கோடு தீர்மானம் கேளுங்கள். மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். மூன்று மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.