பொதுக் கடலின் மரியாதை

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் நம் குமரிக் கரையில், ஒரு கூட்டத்தார் கரைமடி வளைத்து இருபுறமும் வடம் இழுக்கையில், அடுத்த முறைக்காரர் தம் வள்ளத்தை இறக்காது, முன்னவர் மடி கரையேறும்வரை மணலில் காத்து நிற்பது, கடல்வேட்டைக்காரர் தாமே வகுத்துச் சிரமேற்கொண்ட தர்மமாகும். இந்த மரியாதையை மதியாத விசைப்படகுகள் கரையோரம் பிரவேசித்து எளியவர் வலைகளை அறுத்துச் சென்றமையாலன்றோ, 3 கடல் மைலுக்குள் அவை மீன்பிடிக்கலாகாது என்னும் நியதியை 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் விதிக்க நேர்ந்தது! அறுபட்டது வெறும் நூலன்று. வட்டிக்கு வாங்கிய மூலதனமும், அப்பருவத்துச் சாளையும் நெத்தோலியும் அதனோடு போயின. நியதியை மீறியவர் செலுத்தும் அபராதம் சர்க்கார் கஜானாவைச் சேர்வதால், வலையிழந்த குடும்பத்துக்கு என்ன பிரயோஜனம்? வலையின் கிரயத்தைப் படகு உடைமையாளரிடம் வசூலித்து, இழந்தவர் கையிலேயே தாமதமின்றிக் கொடுப்பித்தல் வேண்டும்.