ஒரு துண்டு கட்டாக் கருவாடு

சொகுசுச் சாப்பாடு என்றால் கொழும்புக் கடைகளில் கண்ணாடிப் போத்தலில் விற்கும் வெளிநாட்டுச் சோஸ்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை மன்னார்த் தீவிலுள்ள எங்கள் பேசாலைக்கு வரவேண்டும். கட்டா மீனைப் பிளந்து, குடல் நீக்கி, உப்பிட்டு, நாட்கணக்கில் வெயிலில் காயவைக்கிறார்கள். தூறல் விழுந்தால் ஓடிவந்து அள்ள வேண்டும். ஈரம் பட்டால் பழுதாகிவிடும். அதில் ஒரு துண்டைப் பொரித்து, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு புட்டுக்குத் தொட்டுக்கொண்டால், அன்றைக்கு வேறு கறி எதற்கு? பனாட்டும் அப்படித்தான். பனம்பழக் களியைப் பாயில் பரப்பிக் காயவிட்டு, அதன்மேல் மறுபடி மறுபடி ஊற்றித் தடிப்பாக்கும் பொறுமை அதில் இருக்கிறது. பின்னேரத் தேநீருக்கு விரலளவு துண்டு போதும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பிளேன்டீயையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபின் இங்கு வந்து வாங்குவது சுலபம். ஆனால் வருகிறவர்கள் பேரம் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போத்தலில் ஒட்டிய விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். வெயிலில் நின்று கருவாடு புரட்டும் பெண்ணிடம் மட்டும் ஏன் குறைக்கச் சொல்கிறோம்? அவர் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.