மலையேறும் நீராவியும் மேட்டில் ஓடும் டீசலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பகுதிக் குடும்பங்களுக்கு முதலில் நினைவில் எழுவது உதகமண்டலமே. பனியன் கம்பெனி விடுமுறை விடும் இரண்டொரு நாளில் போய்த் திரும்பக்கூடிய குளிர்ந்த இடம் அதுதானே! பேருந்திலும் வேனிலும் செல்வோரே மிகுதி. ஆயினும் முன்கூட்டியே சீட்டுப் பதிவு செய்துகொண்டு மலை இரயிலில் செல்லும் குடும்பங்களும் உண்டு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு வண்டி விடியுமுன் திருப்பூரைக் கடந்து மேட்டுப்பாளையம் சென்று சேருகிறது. அங்கே காலை ஏழு மணியளவில் அச்சிறு நீலவண்டி புறப்படுகிறது.

அவ்வண்டியில் சென்று வந்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். குன்னூர் வரை புகை கக்கிக்கொண்டு வந்த நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து டீசல் என்ஜினைப் பூட்டுகிறார்களே, அது ஏன்? டீசலே போதுமென்றால் அடிவாரத்திலிருந்தே அதைப் பூட்டலாமே? நீராவிதான் வேண்டுமென்றால் உதகை வரை அதுவே போகலாமே? பெற்றோரில் பலர், “பழமைக்காக வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். அவ்விடை பாதிகூடச் சரியன்று. பழமையைக் காட்டிலும் உறுதியான காரணம் ஒன்று அம்மலைச் சரிவிலேயே இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 326 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை 2,203 மீட்டர் உயரத்தில் முடிகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் இது திறக்கப்பட்டது. வளைவுகள் 208, குகைகள் 16, பாலங்கள் 250 என்று கணக்குச் சொல்வர். ஆனால் நம் கேள்விக்கு இவற்றினும் முக்கியமானது ஏற்றத்தின் அளவு. முதல் எட்டுக் கிலோமீட்டர், கல்லாறு வரை, சமவெளிதான். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறவேண்டும். குன்னூருக்கு மேலே ஏற்றம் அதில் பாதியாகக் குறைகிறது. ஏறத்தாழ இருபத்தைந்து அடிக்கு ஓரடி.

இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருள்வது எளிது. பற்றிக்கொண்டு ஏறுவது அரிது. பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் சரிவில், அதுவும் மழையில் நனைந்த தண்டவாளத்தில், எவ்வளவு வலிமையுள்ள என்ஜினும் சக்கரம் சுழன்று வழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களுடைய எஃகுச் சட்டங்கள் இரண்டு அருகருகே பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்தில் மறுசட்டத்தின் பள்ளம் வருமாறு அமைத்திருப்பதால், என்ஜினின் பற்சக்கரம் எக்கணமும் ஏதேனும் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரோமன் அப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை இது. இந்தியாவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பற்சட்ட இரயில் இது ஒன்றே.

இப்பாதைக்கென்றே பிறந்தவை ‘எக்ஸ்’ வகை நீராவி என்ஜின்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை இவற்றைச் செய்து அனுப்பியது. ஒரே உடலில் இரண்டு என்ஜின்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள இரு சிலிண்டர்கள் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அவற்றுக்கு மேலே உள்ள இரு சிலிண்டர்கள் பற்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. சமவெளியில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். நீராவி தன் பணியை முடித்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். பற்சட்டம் தொடங்கியதும் டிரைவர் வால்வைத் திருப்புகிறார். உடனே, கீழே வேலை செய்து அழுத்தம் குறைந்த அதே நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குள் புகுந்து பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கும் அன்பர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரு முறை விறகையும் நிலக்கரியையும் எரித்துப் பெற்ற நீராவியை வீணாக்காமல் இரண்டாம் முறையும் உழைக்கச் செய்வது எத்துணை சிக்கனம்! நடைமேடையில் நின்று பார்க்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கலாம்: பற்சட்டத்தின்மீது செல்லும்போது மேலுள்ள தண்டுகள் கீழுள்ளவற்றைவிட விரைவாக ஓடும்.

பாய்லர் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் பாய்லர் நின்ற இடத்தில் நிற்கிறது. அதன் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் சொன்னபடி இருக்கும். மலையேறும் பாய்லரோ சாய்ந்துகொண்டே செல்கிறது. உள்ளிருக்கும் நீரும் ஒருபுறம் சாய்கிறது. நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டை நீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும்; சற்றே விலகினாலும் தகடு காய்ந்து பெருங்கேடு விளையும். ஆதலால் ஹில்குரோவ் போன்ற இடங்களில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பிடித்துக்கொள்கின்றனர். பயணிகள் தேநீர் அருந்தவும் குரங்குகளுக்குப் பயந்து பொட்டலங்களை ஒளிக்கவும் அந்த நேரம் பயன்படுகிறது! என்ஜினுக்கோ அது உயிர்த்தண்ணீர்.

ஏறும்போது என்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு எதுவும் அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தாக்கை நோக்கி ஓடிவிடாதிருக்க, கனமான என்ஜின் எப்போதும் தாழ்ந்த முனையில் நிற்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் டிரைவருக்கு முன்பாதை தெரியாதே? அதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைக் கண்டு தாமும் காட்ட, கடைசியில் அது டிரைவரை எட்டுகிறது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த மார்கழிக் காலையில் இப்பணி எப்படிப்பட்டது என்பதைப் பெட்டிக்குள் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இறங்கும்போதும் இவர்களே ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கையும் கையால் பிடித்துக் கட்டுப்படுத்துகின்றனர். என்ஜினின் சிலிண்டர்களும் அப்போது வேலையை மாற்றிக்கொள்கின்றன. அவை காற்றை உள்ளிழுத்து அழுத்தி, அந்த எதிர்ப்பினாலேயே வண்டியைத் தடுத்து நிறுத்துகின்றன.

இனி டீசலுக்கு வருவோம். குன்னூருக்கு மேலே பற்சட்டம் இல்லை. அங்கே ஓடுவது ஒய்.டி.எம். 4 என்னும் மீட்டர் கேஜ் டீசல் என்ஜின். ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன் உடையது. தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டியதில்லை. காலையில் பல மணி நேரம் நெருப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகைக்கும் குன்னூருக்கும் இடையே நாள்தோறும் பலமுறை சென்று வருகிறது. அப்பகுதிக்கு அது ஏற்ற என்ஜின்தான். அதைக் குறைகூறுவது நியாயமாகாது.

ஆனால் அதற்குப் பற்சக்கரம் கிடையாது! இங்கேதான் செய்தியின் முடிச்சு இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு வாக்கில் மின்வெட்டு மிகுந்திருந்தபோது நம் ஊரில் எத்தனை கம்பெனிகள் ஜெனரேட்டரை நம்பி நாளைக் கடத்தின என்பதை யாரும் மறக்கவில்லை. மின்சாரம் நின்றதும் ஜெனரேட்டர் ஓடும். அதே தையல் இயந்திரம், அதே வேலை. துணை என்றால் அதுவே துணை. நீலகிரியிலோ குன்னூரில் டீசல் என்ஜின் தயாராக நின்றாலும், கீழே காட்டு நடுவில் நீராவி என்ஜின் பழுதாகி நின்றால், அதன் வேலையை டீசல் எடுத்துக்கொள்ள இயலாது. இன்னொரு எக்ஸ் என்ஜின் நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றிக்கொண்டு வந்தால்தான் வண்டி நகரும். ஆகவே இங்கே நீராவிக்குத் துணை நீராவியே. ஷெட்டில் எத்தனை எக்ஸ் என்ஜின்கள் ஓடும் நிலையில் உள்ளனவோ அத்தனையே இப்பாதையின் ஆயுள்.

மற்றொரு வேடிக்கையையும் காண்க. புதுமை என்று நாம் எண்ணும் அந்த டீசலும் இப்போது பழம்பொருளாகிவிட்டது. நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளையெல்லாம் அகலப்பாதையாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கிய பிறகு, ஒய்.டி.எம். 4 ஓடுவதற்குரிய பாதைகளே அருகிவிட்டன. ஒரு காலத்தில் திண்டுக்கல்லிலும் மானாமதுரையிலும் கண்ட என்ஜின்தான் அது. பாதை போனதும் என்ஜினும், அதன் உதிரிப் பாகங்களும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைவது இயல்பே.

நீராவி என்ஜின்களின் கதை அதற்கு நேர்மாறாகச் சென்றிருக்கிறது. வெளிநாட்டில் செய்த பழைய என்ஜின்கள் தேய்ந்து, நிலக்கரியின் தரமும் நாளுக்கொரு விதமாக இருக்க, வண்டி வழியில் நிற்பது ஒரு காலத்தில் மிகுந்தது. 2002 முதல் சில என்ஜின்கள் எண்ணெயில் எரியுமாறு மாற்றப்பட்டன. பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனை ஒரு துணிவான காரியம் செய்தது. எக்ஸ் வகையில் எண்ணெயால் இயங்கும் புதிய என்ஜின்கள் நான்கினை 2011 முதல் தானே செய்து கொடுத்தது. 2021-இல் நிலக்கரியால் இயங்கும் புதிய எக்ஸ் என்ஜினும் அங்கிருந்து வெளிவந்தது. உலகமெங்கும் நீராவி என்ஜினை உடைத்து இரும்புக்கு விற்றபின், நம் தமிழகத்தில் புதிதாக ஒன்றைச் செய்து நெருப்பு மூட்டினார்கள் என்பது சிறிய செய்தியா? வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது நாம் கடந்து போகும் நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை முன்பு இருந்தது. அது 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கொல்லுவேலையும் வார்ப்பு வேலையும் இல்லையெனில் இப்புதிய என்ஜின்கள் பிறந்திரா.

எண்ணெயா நிலக்கரியா என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. எண்ணெய் எரித்தால் நெருப்பு சீராக இருக்கும். காட்டில் தணல் விழாது. ஃபயர்மேனின் முதுகும் ஒடியாது. ஆனால் மண்வெட்டியால் நிலக்கரியை நெருப்பின் எந்த மூலையில் எவ்வளவு தூவ வேண்டும் என்ற அறிவு, தூவுகிறவரிடம் மட்டுமே இருக்கிறது. அகலப்பாதையில் நீராவி வண்டிகளின் முறையான ஓட்டம் 1995-இல் முடிந்தது. அன்று இருபது வயதில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவர்கூட இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். இனி வெளியிலிருந்து பழகிய கை வராது. குன்னூர் ஷெட்டிலேயே இளைஞர்களைப் பழக்கியாக வேண்டும். பின்னல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே எந்த ஊசி முறிந்தது என்று சொல்லும் ஃபிட்டர்கள் நம் ஊரிலும் உள்ளனர். அவர்கள் அதை எந்தப் புத்தகத்தில் கற்றார்கள்?

வெளிநாடுகளும் இதே சிக்கலை வெவ்வேறு விதமாகத் தீர்த்துள்ளன. அமெரிக்காவில் 1869-இல் தொடங்கிய வாஷிங்டன் மலை இரயில், 2008 முதல் பற்சக்கரத்துடன் கூடிய டீசல் என்ஜின்களைத் தானே செய்து பெரும்பாலான பயணங்களை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டது. நீராவி ஒரு சில பயணங்களுக்கு மட்டும். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைப்பாதையிலோ, நமக்கு என்ஜின் தந்த அதே விண்டர்தூர் தொழிற்சாலை 1990-களில் எண்ணெயால் இயங்கும் புதிய நீராவி என்ஜின்களைச் செய்து கொடுத்தது. ஒருவரே ஓட்டக்கூடிய அமைப்பு அவற்றில் உண்டு. டீசலும் அங்கே உடன் ஓடுகிறது. நம் வழி இவ்விரண்டாவதற்கு நெருக்கமானது. நாமும் பற்சக்கர டீசல் செய்யலாமே என்பாருக்கு, செய்யலாம் என்றே விடை கூறுவேன். ஆபத்துக்கு உதவ அப்படி ஒன்று குன்னூரில் நிற்பது நன்றே. ஆனால் துணைக்கு வந்தது நாள்தோறும் ஓடத் தொடங்கினால், நெருப்பு மூட்டும் காலைகள் குறையும். குறைந்தால் கற்பவரும் குறைவர். 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, பாலங்களையும் குகைகளையும் மட்டும் எண்ணி ஏற்றிருக்காது.

அடுத்த முறை மலை இரயிலில் செல்லும் குடும்பங்கள் குன்னூரில் வண்டி நிற்கும்போது உடனே வடை வாங்க ஓடாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பின்முனைக்குச் செல்லலாம். என்ஜினைக் கழற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சக்கரங்களுக்கு இடையே குனிந்து பார்த்தால், எண்ணெய் மினுங்கும் பற்சக்கரம் தெரியும். கரி படிந்த முகத்தோடு இறங்கி வரும் ஃபயர்மேனிடம் பிள்ளைகள் தங்கள் கேள்வியைக் கேட்கட்டும். என்னைவிட நன்றாகச் சொல்வார்.