வாய்விட்டுச் சொல்லுங்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள்



இரத்த அழுத்தம், இனிப்பு நீர், முதுகு வலி என்று உடம்புக்கு வரும் நோய்களைப் பற்றித்தான் இதுபோன்ற சுகாதாரப் பகுதிகளில் அதிகம் பேசுகிறோம். இன்று எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் எழுதாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளே தினந்தினம் ஏற்படும் எரிச்சல், சலிப்பு, ஆத்திரம். இவற்றை எங்கே கொட்டுவது? எப்படிக் கொட்டுவது?

"இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று சிரிக்க வேண்டாம். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறாள் ஒரு தாய். பசியாற ஏதாவது செய்து, மத்தியானச் சோறு கட்டி, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குத் தயார் செய்து, ஆறு மணிப் பெரட்டுக்கு ஓடுகிறாள். உதிரிப் பழம் பொறுக்கி இடுப்பு ஒடிந்து வீடு திரும்பினால், காலையில் வைத்த பாத்திரம் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. மாமியார் மருந்து சாப்பிடவில்லை. மகன் கைப்பேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன, இன்னும் தேத்தண்ணி வரலியா?" என்கிறார்.

அவ்வளவுதான். வெடிக்கிறது! அரை மணி நேரம் லயம் முழுக்கக் கேட்கிறது. மறுநாள் பக்கத்து வீட்டில் என்ன பேசுகிறார்கள்? "அந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி." அவள் நாலு மணிக்கு எழுந்ததை யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புலம்புவது குற்றமில்லை. அது சோம்பேறித்தனமுமில்லை, வாய்க்கொழுப்புமில்லை. தாங்க முடியாத பாரம் ஏறும்போது வண்டிச் சக்கரம் கிரீச்சிடுகிறதே, அது போன்றதுதான். சத்தம் போடுகிறது என்று சக்கரத்தை உதைப்பவன் வண்டிக்காரன் ஆகமாட்டான்.

ஆண்கள் கதை வேறு. "ஆம்பளை புலம்பக் கூடாது" என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்துவிட்டோம். குலை வெட்டிக் கழுத்து வலித்தாலும் சொல்லமாட்டார். மண்டோர் ஏசினாலும் சொல்லமாட்டார். வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றதையும் சொல்லமாட்டார். மனசுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவார். அந்தப் பூட்டுக்கு அவர் கண்டுபிடித்த சாவி போத்தல்தான். உள்ளே போனதும் வாய் திறக்கிறது. ஆனால் பேசுவது அவர் அல்ல, சாராயம். அந்தப் பேச்சால் எந்தக் குடும்பத்துக்காவது பாரம் குறைந்ததுண்டா?

கோபம் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் நீர் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. தசைகள் இறுகுகின்றன. புலி துரத்தினால் ஓடுவதற்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. ஒரு தடவை வந்து அடங்கினால் கெடுதல் இல்லை. ஆனால் காலை, மாலை, இரவு என்று தினமும் இதே கதை என்றால் தூக்கம் கெடுகிறது, தலை வலிக்கிறது, வயிறு எரிகிறது. ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து.

"அப்படியானால் கொட்டித் தீர்த்துவிடுவதுதானே நல்லது? கத்திவிட்டால் மனசு லேசாகிவிடுமே!" என்று பலர் நினைக்கிறார்கள். இது பழைய எண்ணம். மனசை நீராவிக் கொதிகலன் போல் நினைத்துக்கொண்டு, ஆவியைத் திறந்துவிட்டால் அழுத்தம் குறையும் என்று நம்பினார்கள். ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 154 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் 10,000 பேருக்கு மேல். கோபத்தில் இருக்கும்போது உடம்பை மேலும் சூடேற்றும் காரியங்கள் கோபத்தைத் தணிப்பதில்லை. ஓட்டம் ஓடுவதுகூட உதவவில்லை. உடம்பை ஆறவைக்கும் காரியங்கள்தான், அதாவது மெதுவாக மூச்சு விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் போன்றவைதான், தணிக்கின்றன.

நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அடுப்பில் பால் பொங்கினால் என்ன செய்வீர்கள்? மூடியை வைத்து அமுக்கினால் இன்னும் பொங்கும். விறகைத் தள்ளினால் வழிந்து அடுப்பே அணையும். தீயைக் குறைப்பதுதான் வழி. மனசுக்கும் அதே வழிதான்.

இன்னொரு வகைப் புலம்பலும் உண்டு. சாயங்காலம் தண்ணீர்க் குழாய் ஓரத்திலோ, வாசற்படியிலோ, இப்போதெல்லாம் கைப்பேசியிலோ, அதே ஆளிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது. "நான் சொன்னேன்ல, நேத்தும் அதேதான் செஞ்சாரு!" கேட்பவளும், "ஆமாக்கா, எங்க வீட்லயும் அதேதான்" என்று எண்ணெய் ஊற்றுவாள். இதனால் நட்பு நெருக்கமாகும், உண்மைதான். ஆனால் இளம் பிள்ளைகளிடையே இதை ஆராய்ந்த அமண்டா ரோஸ் என்னும் அமெரிக்க மனநல ஆய்வாளர், இப்படிக் கூடிக் கூடிப் புலம்புபவர்களிடம் நட்பு இறுக்கமாக இருப்பதோடு மனச்சோர்வும் கவலையும் அதிகமாக இருப்பதை 2002இல் எழுதினார். செக்கு மாடு நாள் முழுக்க நடந்தாலும் ஊர் போய்ச் சேர்வதில்லையே!

அப்படியானால் என்ன செய்வது? நாம் சங்கத்துக்காரர்கள். நமக்குத் தெரிந்த வழியே இருக்கிறது. வேலையிடத்தில் ஒரு குறை என்றால் என்ன செய்கிறோம்? மரத்தைப் பார்த்துக் கத்துவதில்லை. இன்ன குறை என்று தெளிவாகச் சொல்கிறோம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்கிறோம். என்ன தீர்வு வேண்டும் என்று கேட்கிறோம். 1975இல் இந்நாட்டில் ஏற்கப்பட்ட தொழில் இணக்கத்துக்கான நடத்தை நெறிகளில் ஓர் அருமையான விதி இருக்கிறது: குறையை அது எழுந்த இடத்துக்குக் கூடுமான வரை அருகிலேயே தீர்க்க வேண்டும். வீட்டுக்கும் இதைவிட நல்ல விதி கிடையாது. கணவர்மேல் உள்ள குறையைக் கணவரிடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் முதுகில் சொல்லக் கூடாது.

ஆகவே இந்த முறைகளைக் கையாண்டு பாருங்கள்:

முதலாவது, ஆறிய பிறகு பேசுங்கள். கோபம் தலைக்கேறினால் வெளியே வந்து உட்காருங்கள். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை போதும். முகம் கழுவுங்கள். "அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நகர்வது தோல்வி அல்ல. ஆனால் அந்த 'அப்புறம்' வந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, இருப்பதைப் பெயர் சொல்லிக் கூறுங்கள். "எனக்குக் களைப்பாக இருக்கிறது", "எனக்குப் பயமாக இருக்கிறது", "என்னை யாரும் மதிக்காத மாதிரி இருக்கிறது." உணர்ச்சிக்கு வார்த்தை கொடுக்கும்போது மூளையில் அச்சத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பும் பகுதி சற்றே அடங்குவதை 2007இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு குறை. தேத்தண்ணியில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் போடாத நகை வரைக்கும் போகக் கூடாது. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது குறை அல்ல, தீர்ப்பு. "இன்றைக்குப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது" என்பதுதான் குறை. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

நான்காவது, கேட்கிறவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். "ஏங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க, போதும்" என்று மனைவி சொன்னால், புத்திமதியை ஆரம்பிக்க வேண்டாம், அண்ணன்மார்களே! அதேபோல் கணவன் வாய் திறக்கும் அந்த ஒரு நாளில், "உங்களுக்கு மட்டும்தான் கஷ்டமா?" என்று அடைத்துவிட வேண்டாம், தங்கச்சிகளே!

இந்த நான்கையும் செய்தும் தீராத ஒன்று உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். வேலைப் பங்கீடுதான் அது. நம் வீட்டுப் புலம்பல்களில் பெரும்பகுதி மனக்கோளாறு அல்ல, வேலைக்கோளாறு. இருவரும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் வீட்டில் இரண்டாவது பெரட்டு தொடங்குகிறது. அதற்குச் சம்பளமும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. முதலாளி இப்படி நம்மை நடத்தினால் சும்மா இருப்போமா? கொடி பிடிக்கமாட்டோமா? சங்கத்தில் நியாயம் பேசிவிட்டு வீட்டில் துரையாக உட்கார்ந்திருப்பது அழகல்ல. பத்து வயது மகன் தட்டைக் கழுவட்டும். கணவர் இரவுச் சோற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். மூச்சுப் பயிற்சியைவிட இது நூறு மடங்கு நல்ல மருந்து.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். கை நீட்டுவது மனக்குமுறல் அல்ல. "கோபத்துல அடிச்சிட்டேன்" என்பது விளக்கமும் அல்ல. அது சட்டப்படி குற்றம். அடி வாங்கும் வீட்டில் "பொறுமையாகப் பேசு" என்று யாரும் ஆலோசனை சொல்ல வேண்டாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள்.

அடுத்து, புலம்பிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிறார் என்றால், அது சலிப்பு அல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் பத்து லட்சம் பேருக்கு இது இருக்கிறது. பேய் பிடித்ததென்று மந்திரிக்க அலைய வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். மருந்தும் ஆலோசனையும் உண்டு. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும், பிரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, போலீசுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடாமல், இன்று இரவு சாப்பிட்ட பின் வீட்டில் உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "உனக்கு என்ன பாரம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு பேசாமல் இருந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள்.