நெருப்பு அணைந்தது, வழக்கு அணையவில்லை!

தீப்பிடித்துக் கடை சாம்பலாகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியோ நஷ்டஈட்டைக் குறைக்கிறது. வியாபாரி நடுவரிடம் போகிறார், ஜெயிக்கிறார். பணம் வந்துவிட்டதா? அதுதான் இல்லை!

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி கம்பெனி கோர்ட்டு ஏறுகிறது.

இது அப்பீல் அல்ல. 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, கோர்ட்டு மறுபடி சாட்சியங்களை எடைபோடக் கூடாது. மனு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது, ஓராண்டில் மனுவை முடிக்கணும் என்று 2015-ல் திருத்தமும் வந்தாச்சு. தவறான பகுதியை மட்டும் பிரித்து நீக்கலாம் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு.

பிறகு ஏன் இழுத்தடிப்பு?

தடை கேட்கிற கம்பெனியிடம், "முதலில் பணத்தைக் கட்டு" என்று கோர்ட்டு கறாராகச் சொல்லணும். வட்டி பிறகு வரலாம். கடை வாடகை காத்திருக்குமா?