கம்பிக்குள்ளே ஒரு தொட்டில்

சிறைச்சாலை என்றதும் நம் கண்முன் வருவது என்ன? உயரமான சுவர், கம்பிக் கதவு, முரட்டுக் கைதிகள். அந்தச் சுவருக்குள் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும் என்று என்றைக்காவது நினைத்திருக்கிறோமா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகள் மட்டும் 1,764 பேர்!

"தப்பு செஞ்சவ அனுபவிக்கட்டும், நமக்கென்ன?" என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த 1,537 பேரில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்களா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை. தாய்க்கே தீர்ப்பு வராதபோது, பால் குடிக்கிற பிள்ளை எதற்காக உள்ளே இருக்க வேண்டும்?

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் சங்கரன்கோவில் மாதிரி ஊர்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் சமூகப்பணி படிக்கப் போகிறார்கள். படிப்போடு ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சியும் எடுக்க வேண்டும். முதியோர் இல்லம் என்றால் வீட்டில் உடனே சரி என்பார்கள். சிறையில் இருக்கும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவுகிற நிறுவனம் என்றால் போச்சு! "ஏட்டி, உனக்கு வேற எடமே கெடைக்கலையா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

பெற்றவர்களின் பயம் புரிகிறது. ஆனாலும், தயங்காமல் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன்.

குழந்தையின் மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில்தான். பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாமே அதற்குப் பாடம். சிறைக் குழந்தைக்கு என்ன பாடம் கிடைக்கும்? ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே ஓர் ஆய்வு பேசப்படுகிறது. உத்தரப்பிரதேசச் சிறைகளில் நடந்த ஆய்வு அது. வெளியே போகும்போது தெருவில் மாட்டையோ நாயையோ கண்டால் அந்தக் குழந்தைகள் மிரண்டன. 'வீடு' என்றால் என்ன என்றே தெரியவில்லை. பெண்கள் நடுவிலேயே வளர்ந்ததால், ஆண்பிள்ளைகள் 'வந்தேன், போனேன்' என்பதைக்கூட இந்தியில் பெண்கள் பேசுகிற மாதிரியே பேசினார்கள்!

இந்தக் குழந்தைகளைக் கைதி மாதிரி நடத்தக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. பிரசவம் கூடுமானவரை வெளி மருத்துவமனையில் நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'சிறை' என்று எழுதக்கூடாது. வயதுக்கேற்ற சாப்பாடு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, குழந்தைக் காப்பகம் எல்லாம் வேண்டும். ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். அதற்குப் பிறகு, தாயின் விருப்பப்படி உறவினரிடமோ, ஒரு இல்லத்திலோ விட வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், அப்புறம் ஒன்பதாவது மாதம் என்று வரிசையாகத் தடுப்பூசி போட வேண்டுமே... கைதான அன்று அந்தத் தாய் தடுப்பூசி அட்டையையா தேடி எடுத்துக்கொண்டு போயிருப்பாள்? வீட்டுக்குப் போய் அந்த அட்டையை வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். பிள்ளைக்கு எடை ஏறுகிறதா என்று கவனிக்க, கதை சொல்ல, பந்து உருட்டி விளையாட ஆள் வேண்டும். பயிற்சிக்குப் போகிற பெண் செய்கிற வேலை இதுதான். அதிகாரிகளின் அனுமதியோடுதான் உள்ளே போவாள். யாரையும் 'நீ என்ன குற்றம் செஞ்சே?' என்று கேட்கக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. முடியாததை முடியும் என்று சொல்லக்கூடாது. இந்த மூன்றையும் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாலும் நிதானமாக நடந்துகொள்வாள்.

இந்த வேலைக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். டெல்லி திகார் சிறைக்குப் பொறுப்பாக இருந்த கிரண் பேடி, 1994-ல் மகசேசே விருது பெற்ற கையோடு 'இந்தியா விஷன் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். திகாரில் கைதிகளின் குழந்தைகளுக்காகக் காப்பகம் நடத்தியது அந்த அமைப்பு. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'பிரயாஸ்' 1990-ல் தொடங்கியது.

ஆனால் ஒன்று. காப்பகம், பொம்மை, பால் எல்லாம் புண்ணுக்குப் போடுகிற மருந்துதான். நோய் தீர வேண்டுமானால் தாய் பிள்ளையோடு வெளியே வர வேண்டும். பல பெண்களுக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் வெளியே வர முடிவதில்லை. ஏன்? ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட ஆள் இல்லை! புருஷன் வீடு கைவிட்டிருக்கும். பிறந்த வீடு வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க 1987-ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். இந்தத் தகவலை அந்தத் தாயின் காதில் போடுவதுகூட ஒரு பயிற்சி மாணவி செய்கிற பெரிய வைத்தியம்தான்.

எங்களுக்குப் பக்கத்தில் நெல்லை கொக்கிரகுளத்தில் பெண்கள் சிறை இருக்கிறது. மதுரையில் பெண்கள் தனிச்சிறை இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். உங்கள் பெண் போக ஆசைப்பட்டால், நிறுவனம் நல்லதா என்று விசாரியுங்கள். கூட யார் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று கேளுங்கள். அது பெற்றவர்களின் கடமை. கேட்டுவிட்டு அனுப்பி வையுங்கள்.

உங்கள் உறவிலேயே ஒருத்தி பிள்ளையோடு உள்ளே இருக்கிறாளா? அவள் மேல் உள்ள கோபத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்காகவாவது, ஜாமீனுக்கு ஒரு கையெழுத்துப் போட யாராவது ஒருவர் முன்வாருங்களேன்!