அலுமினியம் வளைஞ்சா ஆப்பரேட்டர் போனஸ்ல கை வைக்கலாமா?

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற பெரும்படையில நானும் ஒருத்தன். (நம்ம வலையுலகத்துல இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க, கை தூக்குங்க பாப்போம் :-)) நாலு வருஷப் படிப்புல 'ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்'ங்கறது எனக்கு ஒரு ரெண்டு மார்க் கேள்வி. எழுதினேன், மறந்தேன். இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனா, அதே ரெண்டு மார்க் கேள்வி ஒரு மனுஷனோட போனஸை முழுங்கிட்டு உக்காந்திருக்கு. அதான் இந்தப் பதிவு.

கோயமுத்தூர் கணபதியில மாமாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. ரெண்டு வி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி ஓடுற மில்லிங் மெஷின், ஒரு கிழட்டு லேத், மூணு ஆளுங்க. வந்த ஆர்டர் ஒரு அலுமினிய மூடி. நீளம் 300 மி.மீ., அகலம் 200. 12 மி.மீ. பிளேட்டை ஒரே பக்கமா கடைஞ்சு, 3 மி.மீ. தகடா ஆக்கி, சுத்தி 6 மி.மீ. உயரத்துல விளிம்பு விடணும். தட்டைத்தன்மை 0.1 மி.மீ.க்குள்ள இருக்கணும்.

மெஷின்ல இருக்கற வரைக்கும் டயல் வச்சுப் பாத்தா சுத்தமா இருந்திருக்கு. வைஸைத் தளர்த்தினதும் ஓரமெல்லாம் மேல எழும்பி, அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கிச்சு. 0.4 மி.மீ. பன்னெண்டு பீஸும் ரிஜெக்ட். மாமாவுக்கு வந்த கோவத்துல, "நீ சரியா இறுக்கிப் புடிக்கலப்பா"ன்னு ஆப்பரேட்டர் அண்ணன் போனஸ்ல இருந்து மெட்டீரியல் காசைப் புடிச்சுட்டார். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி!

அண்ணன் எங்கிட்ட மெதுவா சொன்னார். "தம்பி, ஒரு பக்கமாவே எடுத்தா வளைஞ்சுக்கும்னு நான் அப்பவே சொன்னேனுங்க. யாரு கேட்டா?"

கேட்டிருக்கணும். ஏன்னா அவர் சொன்னதுதான் சரி. 6061 அலுமினியத்தை டி6 பதத்துக்குக் கொண்டுவர, சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி சடார்னு தண்ணியில விடுவாங்க. மேல்தோல் முதல்ல குளிர்ந்து இறுகிடும், உள்ளே இருக்கறது அப்புறமாத்தான் சுருங்கும். முடிவுல தோல் ரெண்டும் அமுங்கி, நடுவு இழுபட்டு நிக்கும். ரெண்டு பக்கமும் சமமா இழுத்துப் புடிக்கறதால பிளேட் பாக்க சமத்தா இருக்கும். நாம ஒரு பக்கத் தோலை உரிச்சோம்னு வைங்க, அந்தச் சண்டையில சமநிலை போச்சு. மிச்சமிருக்கற அடித்தோல் விரியப் பாக்கும், வெட்டின பக்கம் குழியும். பத்தாக்குறைக்கு, 12 மி.மீ.யை 3 ஆக்கினா அந்த அடித்தகட்டோட விறைப்பு நாலுல ஒரு பங்குன்னு நினைக்காதீங்க. தடிமனோட கன மடங்குல குறையும், அதாவது 64ல ஒரு பங்கு. எதிர்த்து நிக்க அதுகிட்ட என்ன இருக்கு?

இதுல 'இறுக்கிப் புடி'ங்கறது எரியற நெருப்புல எண்ணெய். மெல்லிசு தகட்டைப் பக்கவாட்டுல நெருக்கினா நடுவு லேசா எழும்பும். எழும்பினதை கட்டர் சீவிடும். தளர்த்தினதும் அந்த இடம் பள்ளம்.

மாமா வாங்கினது சர்ட்டிபிகேட் இல்லாத கட் பீஸ். '6061'ன்னு சொன்னாங்க, வாங்கிட்டார். இதே பொருள் டி651ன்னு வருது. கடைசியில இருக்கற அந்த 51தான் விஷயமே. தண்ணியில விட்டதுக்கப்புறம் பிளேட்டை ரெண்டு முனையிலயும் புடிச்சு ஒன்றரையில இருந்து மூணு சதவீதம் வரைக்கும் இழுத்து, உள்ளே இருக்கற இழுபறியில பெரும்பகுதியைத் தீர்த்துடுவாங்க. ஸ்டீல்னா அடுப்புல வச்சு ஆத்திக்கலாம். இதை அந்தளவு சூடு பண்ணினா பலமே போயிடும். அதனால வாங்கும்போதே பாத்து வாங்கணும்.

லீவுல ரெண்டு நாள் பட்டறையிலயே கிடந்தேன். (வீட்ல கிடைச்ச பாட்டு தனி.) சர்ட்டிபிகேட்டோட டி651 பிளேட் வந்துச்சு. அண்ணன் முதல்ல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் திருப்பிப் போட்டு ரஃப்பா எடுத்தார், எல்லா இடத்துலயும் 0.7 மி.மீ. மிச்சம் வச்சு. அப்புறம் முழுசா கழட்டி, அது எப்படி வளையணுமோ வளைய விட்டார். ராத்திரி பூரா வச்சா ஸ்ட்ரெஸ் தானா போயிடும்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. கழட்டின நொடியே பெரும்பாலும் வளைஞ்சு முடிஞ்சுடுது. காத்திருக்கறதுல கிடைக்கற லாபம், சூடு ஆறுறதுதான். 300 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி ஏறினாலே 0.07 மி.மீ. நீளும். ஸ்டீலை விட ரெண்டு மடங்கு.

அடுத்துதான் அண்ணனோட கைவேலை. வளைஞ்ச தகட்டை அமுக்காம, அடியில இடைவெளி இருக்கற இடத்துல ஷிம் கொடுத்து, அது இருக்கற நிலையிலயே புடிச்சு, மேல ஒரு சீவல். இப்ப அந்தப் பக்கம் நிஜமாவே தட்டை. அதைத் திருப்பி டபுள் சைடு டேப்புல ஒட்டி, புதுக் கட்டர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஃபினிஷிங். "வேக்குவம் டேபிள் வாங்கினா இந்த வம்பே இல்லீல்ல மாப்ளே?"ன்னார் மாமா. இருக்கு மாமா. இந்த அளவு தகட்டை அது கிட்டத்தட்ட 600 கிலோ கணக்குல அமுக்கும். வளைஞ்ச தகட்டை அப்படியே வச்சா அமுக்கித் தட்டையாக்கிடும், காத்தை விட்டதும் பழையபடி வளைஞ்சுக்கும்.

அளந்து பாத்தா 0.07. பாஸ்!

ஆனா ஒரு பீஸுக்கு 25 நிமிஷம் ஆனது 55 நிமிஷம் ஆச்சு. எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான். 3 மி.மீ. தகட்டுக்கு 0.1 கேட்டு டிராயிங் போட்டவர் ஏசி ரூம்ல இருக்கார். பார்ட்டி ரேட் பேசும்போது திருப்பிப் போடற நேரத்துக்கும் காத்திருக்கற நேரத்துக்கும் சல்லிக்காசு சேக்கறதில்ல. மாமா அதுலயும் மிச்சம் புடிக்கக் கட் பீஸ் வாங்கறார். இத்தனை பேர் சேர்ந்து வளைச்சதை, கடைசியா மெஷின்கிட்ட நின்னவர் தலையில கட்டறோம். நம்ம ஆபீஸ்ல ரெக்வயர்மென்ட்டே தப்பா இருந்தும் கோட் எழுதினவனை டேமேஜர் வறுத்தெடுப்பாரே, அதேதான். ஒரே வித்தியாசம், நமக்கு அப்ரைசல்தான் போகும், அண்ணனுக்குப் பொண்ணோட தீபாவளி டிரெஸ் போச்சு.

கிளம்பற அன்னிக்கு மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "நீ பொட்டி தட்டறவன், உனக்கென்ன தெரியும்"னு ஆரம்பிச்சவர், கடைசியில புடிச்சதுல பாதியை எடுத்துக் கொடுத்தார். பார்ட்டிகிட்ட ரேட் ஏத்திக் கேட்டிருக்கார், பதில் வரல. மீதிப் பாதியைப் பொங்கலுக்குப் போகும்போது கேக்கணும்.

டிஸ்கி: மாமா பிளாக் எல்லாம் படிக்கமாட்டார். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க :-)